ஞானாதிக்கம் சாரின் எட்டு வகைகளும் என் ஒரு கதையும்

ஞானாதிக்கம் சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில், தார்ப்பாய் போட்டு மூடிய குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஈரப்பதம் கூடுதலாக இருக்கிறது, இன்னும் ஒரு வெயில் காயட்டும் என்று சொல்லிவிட்டு அங்கிருந்தவர் டீ குடிக்கப் போய்விட்டார். வெயிலுக்கு எங்கே போவது, வானம் மூடிக் கிடந்தது. என் தம்பி அந்த ஆளைத் திட்டிக்கொண்டிருந்தான். போனில் எங்கள் தமிழ்த்துறைக் குழுவில் கும்பிடும் கைகளும் மெழுகுவத்திகளும் வரிசையாக வந்து விழுந்தன. யாருக்கு என்று மேலே தள்ளிப் பார்த்தேன். "யாரு அக்கா, தெரிஞ்சவங்களா?" என்றான் தம்பி. "என் கதையை வெட்டினவரு" என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர்.

மறுநாள் இப்போதைய துறைத் தலைவர் போன் செய்தார். "மேடம், சாருக்கு நினைவு மலர் போடறோம். அவரோட ஒரே ரூம்ல இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவங்க நீங்கதான். நல்லதா ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க." நல்லதாக என்றால் நன்றாக எழுதவா, நல்லதை எழுதவா என்று கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டு வைத்துவிட்டார். மலரில் மற்றவர்கள் நீங்களெல்லாம் அன்பு, பண்பு, எளிமை என்று எழுதியிருப்பீர்கள். இருக்கட்டும், செத்த பிறகு எல்லோரும் எளிமையானவர்கள்தான். எனக்கு அவரைப் பிடிக்காது. பிடிக்காது என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரும் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு வருஷம் முன்னால் அவர் எங்கள் கல்லூரியில் சேர்ந்தவர். அப்பா மாதா கோயிலில் உபதேசியார், பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுப்பவர். ஞானோபதேசத்தைக் கேள்வி பதிலாகவே மனப்பாடம் செய்து வளர்ந்த மனிதர், சிறுகதைக்கும் அதையே செய்துவிட்டார். சிறுகதை என்றால் என்ன? அதன் கூறுகள் எத்தனை? அவை யாவை? கூறுகள் ஆறு: கரு, நிகழ்ச்சி, பாத்திரம், பின்னணி, நோக்குநிலை, முடிவு. வகைகள் எட்டு: சமூகம், வரலாறு, உளவியல், நகைச்சுவை, வட்டாரம், துப்பறிதல், அறிவியல், உருவகம். ஒன்பதாவது வகை கிடையாது. ஒன்பதாவதாக ஒரு கதையை யாராவது எழுதித் தொலைத்தால் அது எழுதியவரின் பிழை. இதைச் சின்னப் புத்தகமாக அச்சிட்டு வைத்திருந்தார். டெல்டாவில் தமிழ் இலக்கியம் படித்த எந்தப் பிள்ளையும் அந்தப் புத்தகத்தைத் தாண்டாமல் பட்டம் வாங்கியதில்லை. "வகை தெரியலைன்னா கதை புரியலைன்னு அர்த்தம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை எங்கள் துறையில் வேலைபார்த்த நண்பர் ஒருவர் பெருநாளுக்கு எங்களையெல்லாம் கூத்தாநல்லூரில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். நண்பருடைய வாப்பா, வெளிநாட்டுக்குப் போன தன் அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கு வருகிறேன் என்று கடிதம் வருகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். அண்ணன் கேட்ட மீனை வாங்கிவைக்கிறார்கள். அன்றைக்குத் தந்தி வருகிறது, அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று. பெரியவர் சொல்லி நிறுத்தினார். ஞானாதிக்கம் சார் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்ல உத்திங்க. எதிர்பாராத முடிவு. மீனோட நிறுத்திட்டா இன்னும் நறுக்குன்னு இருக்கும்." நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரியவர் நிதானமாக, "இது கதை இல்லைங்க, எங்க அண்ணன்" என்றார். பஸ்ஸில் வரும்போது நான் வாய்விட்டே கேட்டேன், உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று. "எதுக்கும்மா? நல்லா சொன்னாரு, நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்" என்றார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. புரிந்து செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

நியாயமாகவும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள் என்பீர்கள். அவருடைய வகுப்பு எனக்கு அடுத்த அறையில் நடக்கும். நடுவில் இருந்தது பலகைத் தடுப்பு, எல்லாம் கேட்கும். ஒரு கதையைக் கரும்பலகையில் முழுக்க எழுதிப்போட்டு, ஒவ்வொரு வரியாக அழிக்கச் சொல்வார். "அழி. கதை நிக்குதா? நிக்குது. அப்ப அந்த வரி வேண்டியதில்லை. அடுத்ததை அழி." அழித்துக்கொண்டே போனால் ஒரு வரியில் கதை பொத்தென்று விழும். "அந்த வரியைத் தொடாதே. அதுதான் கதை" என்பார். பிள்ளைகள் அப்படி ஒரு வகுப்பை வேறெங்கும் கேட்டிருக்க மாட்டார்கள். என் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டுப் பல நாள் நான் அதைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெரிந்த மனுஷன் என் கதையில் மட்டும் சரியாக அந்த வரியிலேயே கை வைத்தாரே என்பதுதான் என் ஆத்திரம்.

என் கதைக்குப் பெயர் 'போட்டோ நடவு'. நான் எழுதியது மொத்தமே ஏழெட்டுக் கதைகள், அதில் உருப்படியானது அது ஒன்று. நடந்ததைத்தான் எழுதினேன். என் அம்மா நடவு ஆள். ஆற்றில் தண்ணீர் பிந்திய ஒரு வருஷம், வயலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. நடவு நடக்கிறது என்று காட்ட ஒரு படம் வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு. என்ஜின் வைத்து இறைத்து ஒரு குண்டு நிலத்தில் மட்டும் தண்ணீர் கட்டி, பக்கத்து ஊரிலிருந்து நாலு முடி, அதாவது நாலு கட்டு, நாற்று கொண்டுவந்து, அம்மாவையும் இன்னும் ஐந்து பெண்களையும் இறக்கிவிட்டார்கள். நட்டார்கள். படம் எடுத்தவருக்கு வெளிச்சம் போதவில்லை. பிடுங்கி மறுபடி நடச் சொன்னார். நட்டார்கள். வந்த அதிகாரியின் தலை படத்தில் விழவில்லை. மறுபடி பிடுங்கி நட்டார்கள். கடைசியில் நாற்றைக் கொடுத்தவன் வந்து என் நாற்று எங்கே என்று கேட்க, மூன்றாவது முறையும் பிடுங்கிக் கழுவிக் கொடுத்தார்கள். இதுவரைக்கும் கதை சிரிப்பாகத்தான் போகும். ஊரிலும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரிப்பு வரும்படிதான் எழுதினேன்.

கடைசிப் பத்தி ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்த அம்மா காலில் இருக்கும் சேற்றைக் கழுவவில்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்து, "மூணு தரம் பிடுங்குன நாத்து பொழைக்காது. தெரிஞ்சே பிடுங்குனேன்" என்கிறாள். மறுநாள் வேறொரு வயலுக்கு நடவுக்குக் கூப்பிட வந்தவரிடம், கை வலிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். கை வலிக்கவில்லை. அவ்வளவுதான் பத்தி. ஆறு வரி.

பாடத்திட்டக் குழுவில் ஞானாதிக்கம் சார் இருந்தார். சிறுகதைத் தொகுப்பு ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தார், வகைக்கு ஒரு கதை. ஏழு வகைக்குக் கதை கிடைத்துவிட்டது, நகைச்சுவைக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்தார். "உங்க போட்டோ நடவைப் போடலாம்னு இருக்கேன். கடைசிப் பத்தி மட்டும் வேண்டாம்மா. சிறுகதைன்னா ஒரே உணர்வு. சிரிக்க வச்சுக்கிட்டே வந்துட்டு வாசல்ல வந்து அழ வைக்கிறீங்க, அது வகைக்குள்ள நிக்காது." நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வயலில் கூலிக்குப் போன குடும்பத்திலிருந்து முதல் தடவை ஒருத்தி பெயர் பாடப் புத்தகத்தில் வருகிறது. அந்த ஆசைக்கு முன்னால் ஆறு வரி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. "சரி சார், எடுத்துடுங்க" என்றேன். அவர் என் கண்முன்னாலேயே பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

புத்தகம் வந்ததும் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு முழுக்க வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அதிகாரியின் தலை விழாத இடத்தில் சிரித்தாள். முடித்ததும், "நான் வீட்டுக்கு வந்து சொன்னேனே, அதைப் போடலையா?" என்றாள். "இருக்கும்மா, இந்தப் பக்கம்" என்று தாளைத் திருப்பிவிட்டு, புத்தகத்தில் இல்லாத ஆறு வரியைப் புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து ஞானாதிக்கம் சார் முகத்தைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.

அதன் பிறகு வருஷா வருஷம் அந்தக் கதையை அவர் வகுப்பில் நடத்தினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கொல்லென்று சிரிப்பது எனக்குக் கேட்கும். அழிக்கச் சொல்லும் விளையாட்டை இந்தக் கதையில் மட்டும் அவர் விளையாடவில்லை, எங்கே விளையாடுவது, அவரே அழித்துவிட்டாரே. தொகுப்பு மறுபதிப்பு வரும்போதெல்லாம் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அந்தப் பத்தி திரும்பி வராது. ஒரே அறையில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவராக வந்து, நான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். எனக்கு அவரிடம் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை என்று உங்கள் எல்லோரிடமும் சொல்லியும் வந்திருக்கிறேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். போகாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் போகாவிட்டால் அதற்கும் ஒரு வகை வைத்துவிடுவீர்கள். திருப்பலி முடிந்து கல்லறைக்குப் போய் வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரத்தநாட்டுப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர், நல்ல மனுஷி. "உங்க கதைன்னா அவருக்கு உசுருங்க. படுத்த படுக்கையா இருந்தப்பக்கூட வாசிக்கச் சொன்னாரு. அந்த ஆபீசர் தலை விழாத இடம் இருக்குல்ல, அங்க எப்பவும் சிரிப்பாரு" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியா என்றேன். பிறகு அவர் சொன்னார்: "முடிஞ்சதும் புத்தகத்தை மூட விடமாட்டாருங்க. என்னன்னு கேட்டா, இன்னும் இருக்கு, அதை அவங்க சொல்லணும்னு சொல்லுவாரு. எனக்கு ஒண்ணும் புரியாது."

எனக்குப் புரிந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நாலு பக்கம் கேட்டவரிடம் முடியாது என்று சொல்லாமல் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த வீட்டில் கேட்டதுதான்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் நடந்த சங்கதியை உங்களில் பலர் என் வாயாலேயே கேட்டிருக்கிறீர்கள். கேட்காதவர்களுக்காக மறுபடி சொல்கிறேன், இந்த முறை நடந்தபடி.

அந்த வருஷம் தேர்வில் ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி: 'போட்டோ நடவு' எவ்வகைச் சிறுகதை? காரணம் தருக. கேள்விக்கான விடைக்குறிப்பை, நாங்கள் கீ என்போம், அதைத் தயாரித்தவர் ஞானாதிக்கம் சார். நகைச்சுவைக் கதை என்று எழுதியிருக்க வேண்டும், வகை தவறினால் காரணத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பூஜ்யம். எங்கள் மேஜைக்கு அவர்தான் முதன்மைத் தேர்வாளர். திருத்துகிற எங்களுக்குச் சிவப்பு மை, நாங்கள் போட்டதை மாற்றும் அதிகாரமுள்ள அவருக்குப் பச்சை மை. என் கதைக்கு என்ன பதில் எழுத வேண்டும் என்று ஊரெல்லாம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதியதை நானே சரி போட்டுக்கொண்டு போனேன். தலையெழுத்து.

ஒரு தாளில் இப்படி இருந்தது: 'பார்த்தால் நகைச்சுவைக் கதை போல் இருக்கிறது. ஆனால் எங்கள் அம்மாவும் நடவுக்குப் போகிறவர். மூன்று முறை பிடுங்கிய நாற்று பிழைக்காது. கதையில் வரும் அம்மாவுக்கு அது தெரியும். அதனால் அவர் வீட்டுக்குப் போய்ச் சிரித்திருக்க மாட்டார். இந்தக் கதை இன்னும் முடியவில்லை.' வகையின் பெயரை எழுதவே இல்லை. தாளில் பெயருக்குப் பதிலாகப் போலி எண்தான் இருக்கும், எந்தக் கல்லூரி, ஆணா பெண்ணா என்று தெரியாது. புத்தகத்தில் இல்லாத பத்தியை அந்தப் பிள்ளை படித்திருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் வாங்கி ஒரு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். "பிள்ளை சரியா எழுதியிருக்கும்மா" என்றார். "அப்ப கீ?" என்றேன். "கீ நான் போட்டது தப்பு. பத்தியை எடுத்ததும் தப்பு. நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டேன், சொல்லுவீங்கன்னுதான் பென்சிலால கோடு போட்டேன். விடுங்க. கதை உங்களுது. அஞ்சு போடுங்க, மூணு போடுங்க, நீங்க என்ன போட்டாலும் நான் பச்சையில தொட மாட்டேன்." தாளை என் கையில் கொடுத்துவிட்டார்.

என் இடத்துக்குத் திரும்பி வந்தேன். மேஜையில் வேறு கல்லூரிக்காரர்கள் நாலு பேர். அதில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், என் காதில் விழும்படியே, "மேடம் அவங்க கதைக்கு அவங்களே மார்க் போடறாங்கப்பா" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். கீயில் இல்லாத பதிலுக்கு மதிப்பெண் போட்டால் முகாம் அதிகாரி வரை பேச்சுப் போகும், தன் பெருமைக்காகப் போட்டாள் என்பார்கள், கூலிக்காரக் குடும்பத்திலிருந்து வந்தவளுக்கு எழுதின ஒரு கதையில் எவ்வளவு கர்வம் என்பார்கள். இதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. சிவப்புப் பேனாவை எடுத்துப் பூஜ்யம் போட்டு, வட்டம் போட்டு, கூட்டலில் ஏற்றி, விடைத்தாள் கட்டுக்குள் செருகிவிட்டேன். டீ இடைவேளையில் யாரோ கேட்டதற்கு, "சார் ஒத்துக்கலை" என்றேன். அங்கே ஆரம்பித்தது.

அப்புறம் அதையே எத்தனை இடத்தில் சொன்னேன். ஆசிரியர் அறையில், கருத்தரங்கில், கடைசியில் அவருடைய பணி நிறைவு விழா மேடையிலேயே சொன்னேன். என் கதைக்கு நானே பூஜ்யம் போட வைத்த மகான் இவர் என்று. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது, உங்களில் நிறையப் பேர் அதில் இருந்தீர்கள். மேடையில் உட்கார்ந்திருந்த அவரும் சிரித்தார். மறுநாள் வந்து ஏன் இப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கேட்பார் என்று இருந்தேன். கேட்கவில்லை. அதற்கடுத்த வருஷங்களில் எத்தனையோ தடவை பார்த்தோம், ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அதற்காகவும் அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கேட்டிருந்தால் அன்றைக்கே ஒத்துக்கொண்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். ஒத்துக்கொண்டிருப்பேனா என்று தெரியாது.

ஆறு கூறுகளையும் எட்டு வகைகளையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்றும் அவை வேண்டாம். கூத்தாநல்லூர்ப் பெரியவரிடம் அவர் பேசிய பேச்சை மன்னிக்கவும் நான் தயாராக இல்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, "பிள்ளை சரியா எழுதியிருக்கும்மா" என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம். அது எனக்குச் சொன்னது இல்லை. சேர வேண்டிய இடத்தில் சேர்க்காமல் இத்தனை வருஷம் நான் அமுக்கி வைத்திருந்தேன்.

அந்தத் தாளை எழுதிய பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தை குட்டிகள்கூட இருக்கலாம். யாராவது இந்த மலரை உன்னிடம் காட்டினால் தெரிந்துகொள். உன் பதில் சரி. ஞானாதிக்கம் சார் அன்றைக்கே அதைச் சொன்னார். பூஜ்யம் போட்டது நான்.